வலம்புரித்துறையின் இரவல் மூச்சு

பரலோக மாதா கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் வலம்புரித்துறையில் யாராவது ஒருவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, எங்கள் ஊர்ச் சத்தம் அப்படி. காற்றையும் அலையையும் மீறிக் கத்திக் கத்திப் பழகிய தொண்டைகள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் உப்பு கேட்டால் அடுத்த தெருவிலிருந்து ஒருவர் உப்புச் சாடியோடு வந்து நிற்பார். அப்படிப்பட்ட ஊர், சங்கு குளிக்கிற ரெஜிஸின் மகள் பெனிட்டாவுக்கு முறைவைத்து மூச்சு இரவல் கொடுத்த அந்த வருஷத்தில்தான் வாயை மூடக் கற்றுக்கொண்டது.

பெனிட்டாவுக்கு அப்போது ஒன்பது வயது. வெயிலில் கிடந்த கடற்பஞ்சு மாதிரி நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகிற வியாதி. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் வானதி, வேறு நுரையீரல் வைத்தாலொழியப் பிள்ளை தேறாது என்று சொல்லி, காத்திருக்கிறவர்களோடு அவள் பெயரையும் சேர்த்து, என்றைக்கு வேண்டுமானாலும் போன் வரும், வந்த நிமிஷமே புறப்பட்டுவிட வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று உறுமிக்கொண்டிருக்கும், அதிலிருந்து ஒரு மெல்லிய குழல் அவள் மூக்குக்குப் போகும், கரண்ட் போனால் சிலிண்டர். குழல் எட்டுகிற தூரம்தான் அவளுக்கு உலகம், அதாவது கட்டில், ஜன்னல், அடுப்படி வாசல். அந்த உலகத்தை அவள் அதிகாரத்தோடுதான் ஆண்டாள். ஜன்னலோரம் போகிற ஒருவரையும் விசாரிக்காமல் விட்டதில்லை, இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினாலும்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சங்கு குளிக்கிறவர்கள் வள்ளத்தில் கம்ப்ரசரை ஓடவிட்டு, அதிலிருந்து வருகிற நீள ட்யூப்பின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் இறங்குவார்கள், மேலே ஒருவர் அந்த ட்யூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம், இரண்டு இழுப்பு வந்தால் தூக்கச் சொல்லி அர்த்தம். அந்தப் பிடி மச்சினன் கையில்தான் இருக்க வேண்டும் என்பது ஊர்க் கண்டிப்பு. கூடப் பிறந்த அண்ணன் தம்பி கண்ணசந்தாலும் அசருவான், பெண்டாட்டியின் தம்பி அசரமாட்டான், அக்காவின் தாலியை அல்லவா கையில் பிடித்திருக்கிறான். ரெஜிஸுக்கு ட்யூப் பிடிக்கிறவன் ஜெசிந்தாவின் தம்பி தொபியாஸ், பெனிட்டாவின் தாய்மாமன், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அத்தான் இன்றைக்குக் கடலுக்குப் போவாரா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்து பெண்ணைப் பார்க்காமல் வந்தவன்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. மெஷின் நின்றது. ஜெசிந்தா சிலிண்டரைத் திறந்தாள், அது உஸ்ஸென்று கொஞ்சம் பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கியது. புதுச் சிலிண்டர் கொண்டுவருகிற வண்டி பாலம் வேலை நடக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. பெனிட்டாவின் உதடு நீலம் பாரித்தது. முற்றத்தில் கம்ப்ரசர் ட்யூப்பைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்த தொபியாஸ் அக்காவின் அலறல் கேட்டு அந்த ட்யூப்போடேயே உள்ளே ஓடி வந்தான். நடுக்கடலில் கம்ப்ரசர் நின்றுவிட்டால் ட்யூப் பிடிக்கிறவன் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு, ட்யூப்பை வாயில் வைத்து ஊதுவான். அவ்வளவு ஆழத்துக்கு அது போய்ச் சேராது என்று அவனுக்கும் தெரியும், ஆனாலும் ஊதுவான், கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. தொபியாஸ் ஒரு நுனியைப் பிள்ளையின் மூக்கருகே வைத்து மறு நுனியில் ஊதினான்.

மூச்சு போய்விட்டது. போனது என்றால் முழுதாகப் போய்விட்டது, அவனுடைய மூச்சு அவனைவிட்டு ட்யூப் வழியாக இறங்கி அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெனிட்டாவின் உதடு சிவந்தது, எழுந்து உட்கார்ந்தாள், தொபியாஸ் வள்ளத்தில் பையன்களைத் திட்டுகிற அதே தோரணையில், ஒரே மூச்சில், "எலே, எவன்லே என் ட்யூப்ப வெயில்ல போட்டது, வெடிச்சிப்போனா ஒங்கப்பனா வாங்கித் தருவான்?" என்று தொடங்கி, கடலுக்கு வெளியே சொல்லக்கூடாத ஒரு வார்த்தையில் முடித்தாள். அடிக்க ஓங்கிய கையாலேயே ஜெசிந்தா அவளை வாரிக் கட்டிக்கொண்டு அழுதாள். தொபியாஸ் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான், நெஞ்சு ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை, வாயைத் திறந்தால் சத்தம் இல்லை, மற்றபடி ஆள் சுகமாக இருந்தான். டீ கொடுத்தார்கள், குடித்தான். கோயிலில் அடுத்த மணி அடித்தபோது ஒரு பெரிய கொட்டாவியாக அவன் மூச்சு அவனிடம் திரும்பி வந்தது, வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "டீல சீனி இல்ல" என்பதுதான்.

அதற்குள் கரண்டும் வந்திருந்தது. ஆனால் மெஷினிலிருந்து வருகிறதைவிட மாமாவிடமிருந்து வந்தது நன்றாக இருக்கிறது என்று பெனிட்டா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நாங்கள் இதைப் பற்றி ரொம்ப யோசிக்கவில்லை. ஊரில் ஒரு வீட்டில் அரிசி இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்பார்கள், மூச்சு இல்லையென்றாலும் அப்படித்தானே என்று எல்லோருக்கும் பட்டது. யார் எப்போது கொடுப்பது என்பதில்தான் சண்டை வந்தது. மீன் ஏலம் கூறுகிற கித்தேரியம்மாள், பொழுது விடிந்ததும் தன் குரலால் கடற்கரையையே எழுப்புகிறவர், கோயில் வாசலில் நின்று முறை பிரித்துக் கொடுத்தார், ஒரு மணிக்கு ஒரு ஆள், தெரு வாரியாக, மறுத்துப் பேசுகிறவருக்கு இரண்டு முறை. ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் கொடுக்கலாம் என்பதையும் சீக்கிரமே கண்டுகொண்டோம். திரும்பி வந்த மூச்சை அன்றைக்கே மறுபடி கொடுத்தால் அது நீர்மோர் மாதிரி இருக்கிறது என்று பெனிட்டா முகத்தைச் சுளித்தாள்.

ஜெசிந்தா அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது தொபியாஸும் ட்யூப்போடு போய் டாக்டர் முன்னால் ஊதிக் காட்டினான். டாக்டர் வானதி பிள்ளையின் விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் ஏறுவதைப் பார்த்தார், தொபியாஸின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மூச்சுச் சத்தமே இல்லை என்று கண்டு எடுத்தார், கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ட்யூப் நுனிய தினமும் கொதிக்கிற தண்ணில போடுறீங்களா?" என்று கேட்டார்.

"போடுதோம் டாக்டர்." மூச்சில்லாத தம்பிக்கும் சேர்த்து ஜெசிந்தாதான் பதில் சொன்னாள்.

"பீடி சிகரெட் பிடிக்கிறவங்க கூடாது. சளி இருமல் உள்ளவங்க தெருப்பக்கமே வரக்கூடாது. ஊதுறதுக்கு முந்தி எல்லாரும் வாய் கொப்பளிக்கணும், கை கழுவணும்."

"எல்லாம் செய்வோம்," என்றாள் ஜெசிந்தா. "இத வச்சி பேர எடுத்துர மாட்டீங்களே?"

"எடுக்க மாட்டேம்மா. இது பிள்ளைய மிதக்க வச்சிருக்கு, கரை சேர்க்காது. உள்ள இருக்கிற நுரையீரல் கெட்டுக்கிட்டேதான் இருக்கும். போன் வர்ற வரைக்கும் மிதக்கட்டும்."

அப்புறம் ஊரில் நடந்ததையெல்லாம் எழுத உட்கார்ந்தால் எதை விடுவது என்று தெரியவில்லை. பீடிக் கடை படுத்துவிட்டது, பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கிற முறை தங்களைத் தாண்டிப் போகிறதே என்ற வெட்கத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் பீடியை விட்டுவிட்டுக் கடலை மிட்டாய் தின்றுகொண்டு அலைந்தார்கள். கித்தேரியம்மாளின் முறை காலை ஏலத்தில் வந்தபோது அவர் மீன் குவியலின் முன்னால் வாய் பேசாமல் நின்று விரலாலும் புருவத்தாலும் ஏலம் கூறினார், அந்தக் குரலைவிட அந்தப் புருவத்துக்குத்தான் அதிகம் பயந்ததாக வியாபாரிகள் சொன்னார்கள். அதே நேரத்தில் வீட்டுக் கட்டிலில் பெனிட்டா இருமல் மருந்தையும் சத்து மாத்திரையையும் வரிசையாக வைத்து, "யாருக்கு வேணும், யாருக்கு வேணும், ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். சாமியார் மூச்சுக் கொடுத்த மணியில் அவள் அம்மாவைப் பார்த்து, "போன மாசம் பாவசங்கீர்த்தனத்துக்கு ஏன் வரல?" என்று கேட்டாள். பள்ளிக்கூட டீச்சர் கொடுத்த மணியில் ஜன்னலுக்கு வெளியே விளையாடிய பிள்ளைகளை ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தாள். பல வருஷமாகச் சண்டை ஓயாத ஒரு வீட்டில் புருஷன் முறையும் பெண்டாட்டி முறையும் அடுத்தடுத்து வந்ததில் ஒருவர் கேட்க ஒருவர் பேசுகிற பழக்கம் அவர்களுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக உண்டாயிற்று. தேர்தலுக்கு நின்ற ஒருவர் போட்டோவுக்காக வந்து ஊதிவிட்டு, தன்னுடைய பொதுக்கூட்டத்தில் மேடையேறிக் கையை மட்டும் கூப்பிக்கொண்டு நின்றார், இவ்வளவு நல்ல பேச்சை நாங்கள் கேட்டதே இல்லையென்று எல்லோரும் அவருக்கே ஓட்டுப் போட்டோம்.

பெனிட்டா குழல் எட்டுகிற தூரத்தைத் தாண்டி நடந்தாள், முற்றத்துக்கு, தெருவுக்கு, ஒரு நாள் அலை கால் நனைக்கிற இடம் வரைக்கும். ஊரே பின்னால் நடந்தது. அவ்வளவு சந்தோஷம் எங்களுக்கு.

சந்தோஷப்படாத ஒரே ஆள் ரெஜிஸ்.

இந்தக் கரையில் ரெஜிஸ் அளவுக்கு மூச்சுப் பிடிக்கிறவர் கிடையாது. தொபியாஸ் ஊதிய மறுநாளே, மாமன் கொடுக்கலாம் அப்பன் கொடுக்கக் கூடாதா என்று குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், நெஞ்சு நிறையக் காற்றை வாங்கினார், ட்யூப்பைக் கடித்தார், கடித்த மாத்திரத்தில் இழுத்துவிட்டார். அவர் என்ன செய்வார், மீசை முளைக்கிறதுக்கு முன்னாலிருந்து அந்த ட்யூப்பைப் பல்லில் கடித்தால் உறிஞ்சித்தான் பழக்கம், உறிஞ்சினால் உயிர், உறிஞ்சாவிட்டால் சாவு, உடம்புக்கு அது ஒன்றுதான் தெரியும். பிள்ளைக்குள் மிச்சமிருந்த கொஞ்ச மூச்சும் அவர் பக்கம் வந்தது. பெனிட்டாவின் கண் சொருகியது, தொபியாஸ் பாய்ந்து ட்யூப்பைப் பிடுங்கினான், அடுத்த வீட்டுக்காரர் ஓடி வந்து ஊதினார். அன்றோடு ஊரில் சங்கு குளிக்கிறவர்கள் யாரும் ட்யூப் பக்கம் வரக்கூடாது என்று கித்தேரியம்மாள் தடை போட்டார்.

குளியாட்கள் எல்லோருக்கும் அது தலைகுனிவுதான், ரெஜிஸுக்கு அது தலைகுனிவோடு நிற்கவில்லை. அவர் ஏற்கெனவே வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர், இப்போது சுத்தமாக ஒடுங்கிவிட்டார். கடற்கரையில் தனியாக உட்கார்ந்து பழகிப் பார்த்தார். பலூன் கொடுத்தால் ஊதுகிறார், மெழுகுவர்த்தியை அணைக்கிறார், சங்கை எடுத்து ஊதினால் அடுத்த ஊருக்குக் கேட்கிறது, எல்லாம் சரி. ட்யூப் பல்லுக்கு நடுவில் வந்தால் மட்டும் உறிஞ்சுகிறார். மறு நுனியை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு ஊதப் பார்த்தார், ஒரு குமிழிகூட வரவில்லை, தண்ணீர்தான் அவர் வாய்க்கு வந்தது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தால் சிரித்ததற்காக வருத்தமாக இருக்கும்.

"எங்கப்பாவ யாரும் கேலி பண்ணக்கூடாது," என்று பெனிட்டா ஜன்னலிலிருந்து உத்தரவு போட்டாள். "அவரு ஒரு நாளு ஊதுவாரு. எனக்குத் தெரியும்."

இதற்கிடையில் மூச்சு நிற்கிற நேரம் குறையத் தொடங்கியிருந்தது. முன்பெல்லாம் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிவரை தாங்கியது, இப்போது மணி அடிக்கும் முன்பே தீரத் தொடங்கியது, முறைக்கு ஒருவர் போய் இருவர் என்றாயிற்று. டாக்டர் சொன்னபடியே உள்ளே இருந்தது கெட்டுக்கொண்டே போனது. எங்கள் ஊரே வாயை மூடிக்கொண்டு அந்த ஒரு போனுக்காகக் காத்திருந்தது. நுரையீரல் வந்தால் பிள்ளை பிழைக்கும், வராவிட்டால் ஊர் முழுதும் சேர்ந்து ஊதினாலும் ஒரு நாள் போதாமல் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

போன் ஒரு வெள்ளிக்கிழமை, ஏலம் முடிகிற நேரத்தில் வந்தது. உடனே புறப்பட வேண்டும். செந்தூர்பாண்டியின் டாக்சியில் ரெஜிஸ், ஜெசிந்தா, பிள்ளை, தொபியாஸ் ஏறினார்கள், யாரும் கூப்பிடாமலே கித்தேரியம்மாளும் ஏறினார். வழியில் தொபியாஸ் ஒரு மூச்சு, கித்தேரியம்மாள் ஒரு மூச்சு, மதுரை வந்துவிடும் என்று கணக்கு. ஜெசிந்தா காலையிலேயே கொடுத்து முடித்திருந்தாள். சிலிண்டரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள், அது காலி என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. ஊர் மூச்சு இருக்கிற தைரியத்தில் அதை நிரப்பி வைக்கிற வேலையை எல்லோரும் மறந்துபோயிருந்தோம், அந்தத் தப்பு எங்கள் எல்லோருடையதும்தான்.

இதற்கப்புறம் நடந்ததை நான் கித்தேரியம்மாள் வாயால் கேட்டேன், அவர் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மிச்சமே போதும். தொபியாஸின் மூச்சு எட்டயபுரம் வரைக்கும் தாங்கியது. அதற்கப்புறம் கித்தேரியம்மாள் ஊதிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அருப்புக்கோட்டைக்கு இந்தப் பக்கம், இரண்டு பக்கமும் கரிசல் காடு, கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை, நாலு வெள்ளாடு மட்டும் மேய்ந்துகொண்டிருந்த இடத்தில் டயர் பஞ்சர். செந்தூர்பாண்டி ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தான், அதிலும் காற்று இல்லை.

"கூறுகெட்ட பயலே, இதப் பாத்து எடுத்து வைக்க மாட்டியாலே!" என்று கித்தேரியம்மாள் கத்தினார்.

கத்தியதும் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குப் பேச்சு வந்துவிட்டது என்றால் அவர் மூச்சு அவரிடம் திரும்பிவிட்டது. காருக்குள் பெனிட்டா அம்மாவின் மடியில் சரிந்துகொண்டிருந்தாள். விரலில் இருந்த கருவியில் எண் இறங்கியது, அது கீச்சு கீச்சென்று அலறியது. ஜெசிந்தா ட்யூப்பை எடுத்து ஊதினாள், காலையில் கொடுத்தது இன்னும் தேறவில்லை, தண்ணீராகப் போனது. தொபியாஸ் ஊதினான், அதுவும் அப்படித்தான். செந்தூர்பாண்டி ஸ்பானரைப் போட்டுவிட்டு, "நான் ஊதட்டுமா?" என்று ஓடி வந்தான், வரும்போதே இருமினான், அவன் ஒருத்தன்தான் எங்கள் பக்கத்தில் பீடியை விடாதவன், தன் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் அதற்காக அழுதான்.

ரெஜிஸ் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தான், வாங்க," என்றான் தொபியாஸ்.

"வேண்டாம் மாப்ள. நான் உறிஞ்சிருவேன். எம் பிள்ளைய நானே கொன்னுருவேன்."

தொபியாஸ் ஒரு நுனியைப் பெனிட்டாவின் மூக்கில் பொருத்தி அதை அவள் கையில் கொடுத்தான், மறு நுனியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனான். அதை அவர் வாயில் வைக்கவில்லை. தான் கடலில் எப்படிப் பிடிப்பானோ அப்படி, விரலைச் சுற்றி ஒரு மடிப்பு மடித்து, அவர் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"நீங்க இப்ப கீழ இல்ல அத்தான், வள்ளத்துல இருக்கிய. கீழ இருக்கது பெனி. சும்மா பிடிச்சிக்கிட்டு நில்லுங்க."

ரெஜிஸ் பிடித்துக்கொண்டு நின்றார். காருக்குள்ளே பெனிட்டாவின் விரல் அசைந்தது. ட்யூப் ஒரு தரம் இழுபட்டது.

ஒரு இழுப்பு. எத்தனையோ ஆயிரம் தடவை அவர் இழுத்த இழுப்புத்தான், ஆனால் மேலே இருக்கிறவன் கையில் அது எப்படி வந்து சேரும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளங்கையில் தொடங்கி நெஞ்சு வரைக்கும் சுண்டியது. கம்ப்ரசர் இல்லை, கடல் இல்லை, பிள்ளை கீழே காற்று கேட்கிறது, அவ்வளவுதான். ட்யூப் எப்போது பல்லுக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது, ரெஜிஸ் ஊதினார். சங்கு தேடி இறங்கிய ஆழத்தையெல்லாம் சேர்த்து ஊதினார், வாளித் தண்ணீரில் வராமல் போன குமிழிகளையெல்லாம் சேர்த்து ஊதினார். மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடுகள் நிமிர்ந்து பார்த்தன. அந்த ஊதலில் காரின் டயரும் ஸ்டெப்னியும் சேர்ந்து நிறைந்துவிட்டன என்று செந்தூர்பாண்டி இன்றைக்கும் சொல்கிறான், பஞ்சர் ஒட்டாமலே கார் மதுரை போய்ச் சேர்ந்ததால் நாங்களும் நம்புகிறோம்.

பெனிட்டா எழுந்து உட்கார்ந்தாள். யார் மூச்சு போனாலும் அவர்கள் குணத்தில் ஏதாவது பேசுவாளே, அப்பாவின் மூச்சில் அவள் ரொம்ப நேரம் ஒன்றுமே பேசவில்லை. கார் அருப்புக்கோட்டையைத் தாண்டியபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவான குரலில், "கீழ இருக்கப்பல்லாம் ஒங்க ரெண்டு பேர் நெனப்புதான் ஜெசி, சொல்லத் தெரியல," என்றாள். ஜெசிந்தா புருஷனைப் பார்த்தாள், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பெனிட்டா தன் தலையைத் தானே தடவிக்கொண்டு, "பயப்படாதட்டி, அப்பா மேலதான் இருக்கேன்," என்று தனக்குத்தானே சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வானதி வாசலிலேயே நின்றிருந்தார். சம்மதமா என்று கேட்டபோது ரெஜிஸுக்குப் பேச மூச்சில்லை, தலையைத்தான் ஆட்டினார், கித்தேரியம்மாள் அவருக்கும் சேர்த்து அந்த மாடி முழுக்கக் கேட்கிறமாதிரி "சம்மதம்" என்றார். பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். பொழுது சாய்ந்து, விடிந்து, அதற்கப்புறம்தான் டாக்டர் வெளியே வந்து, பொருந்திவிட்டது, ரத்தம் ஓடுகிறது, இனி அவள் தானாக மூச்சு விட வேண்டும் என்றார்.

எல்லோரும் அழுதார்கள், சிரித்தார்கள், ரெஜிஸ் மட்டும் நெஞ்சு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொடுத்தது இன்னும் திரும்பவில்லை. பழைய நுரையீரலை எடுத்தபோது அதற்குள் இருந்த அத்தானின் மூச்சையும் சேர்த்து எடுத்துவிட்டார்களோ என்று தொபியாஸுக்குக் கலக்கம். ரெஜிஸ் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. போனால் போகட்டும் என்கிற மாதிரி கையைக் காட்டினார்.

மறுநாள் காலையில் அவள் தொண்டையிலிருந்த குழாயை எடுத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனிட்டாவின் நெஞ்சு தானாக உயர்ந்தது, நின்றது, இறங்கியது. அந்த மூச்சு வெளியே வந்ததும் ரெஜிஸ் ஒரு பெரிய தும்மலோடு குனிந்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், அவர் மூச்சு அவரிடம் வந்துவிட்டது. ஆனால் அது போனமாதிரி வரவில்லை. ரெஜிஸ் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார்.

"மாப்ள, இதுல ஒரு வாசனை இருக்கு. மழை பெஞ்ச தேயிலை மாதிரி. ஏலக்கா மாதிரி. நான் மலைப்பக்கம் போனதே இல்லையே."

தொபியாஸ் டாக்டரைப் பார்த்தான். யாருடைய நுரையீரல் என்று டாக்டர் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது, சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார், வெகுநேரம் துடைத்தார். எங்கேயோ மலையில் ஒரு வீட்டில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அந்த வீட்டிலும் ஒருவர் ட்யூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார். அவருக்கு இழுப்பே வராமல் போய்விட்டது, அப்படியும் கையை விரித்து இதைக் கொடுத்திருக்கிறார். ரெஜிஸ் சுவரில் சாய்ந்து, திரும்பி வந்த அந்த மூச்சாலேயே வாய்விட்டு அழுதார். அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

பெனிட்டா திரும்பி வந்த அன்று ஊரில் வெடி வெடிக்கவில்லை, புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் எல்லோரும் வாயாலேயே டமார் டமார் என்று கத்தி வரவேற்றோம். இனி யாரும் மூச்சுக் கொடுக்க வேண்டியதில்லை என்றானதும் மத்தியான மணி அடிக்கையில் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பழகிய வாய் தானாக மூடிக்கொண்டது. அப்போதுதான் பெனிட்டா ஒரு யோசனை சொன்னாள், யோசனை என்ன, உத்தரவுதான். அன்றிலிருந்து மத்தியான மணி அடித்தால் வலம்புரித்துறையில் இருக்கிற எல்லோரும், ஏலத்தில் இருந்தாலும் சண்டையில் இருந்தாலும், மேற்குப் பார்த்துத் திரும்பி, மலை இருக்கிற திக்கில், ஒரு மூச்சு நிறைய வாங்கி மெதுவாக விடுகிறோம். அது போய்ச் சேருமா என்று கேட்காதீர்கள். கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது.

ஒரு வருஷம் போன பிற்பாடு, டாக்டர் சரி என்று சொன்னதற்கப்புறம், பெனிட்டா முகக்கவசம் கட்டிக்கொண்டு அப்பாவோடு வள்ளத்தில் போனாள். தொபியாஸ் கம்ப்ரசரைப் புகை அவள் பக்கம் வராதபடி கடைசி முனையில் மாற்றி வைத்திருந்தான். ரெஜிஸ் இறங்கினார். மச்சினன் கையில்தான் பிடி இருக்க வேண்டும் என்ற ஊர்க் கண்டிப்பை மீறி தொபியாஸ் ட்யூப்பை மருமகள் கையில் கொடுத்தான், அவள் விரலைச் சுற்றி ஒரு மடிப்பு மடித்துப் பிடித்துக்கொண்டாள்.

கரையிலிருந்து மத்தியான மணி கேட்டது. வள்ளத்தில் இருந்த எல்லோரும் மேற்கே திரும்பினார்கள். பெனிட்டாவும் திரும்பி, முகக்கவசத்தை இறக்கி, நெஞ்சு நிறையக் காற்றை வாங்கினாள். அதே நேரம் பார்த்துக் கீழேயிருந்து ட்யூப் ஒரு தரம் இழுபட்டது.

அவள் தண்ணீரைக் குனிந்து பார்த்தாள்.

"இருங்கப்பா," என்றாள், "அவிய வீட்டுக்குக் குடுத்துட்டு ஒங்களுக்குத் தாரேன்."